மகனின் ஃபைலுக்கு ஒரு வாசல், மாவட்டத்தின் ஃபைலுக்கு வேறு வாசல்

கடிதச் சுருக்கம்

வாசகி மதுரைப் பக்கம். ஏழு ஆண்டுகளாகக் கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் இருக்கிறார். கணவருக்கு ஹெச்-1பி விசா, இவருக்கு ஹெச்-4. மகன் எட்டாம் வகுப்பை முடிக்கிறான். இந்த ஆண்டு அல்ஜீப்ரா 1 படித்து இரண்டு செமஸ்டரிலும் ‘ஏ’ வாங்கியிருக்கிறான். போன ஆண்டு மாநிலத் தேர்வின் கணக்குப் பிரிவில் மேல்மட்டமான நான்காம் நிலையில் வந்தவன். ஆனாலும் ஒன்பதாம் வகுப்பில் அடுத்த படியான ஜியாமெட்ரிக்குப் பதிலாக மறுபடியும் அல்ஜீப்ரா 1 போட்டிருக்கிறார்கள். “ப்ளேஸ்மென்ட் டெஸ்டில் (எந்த வகுப்பில் போடுவது என்று பார்க்கும் தேர்வு) மார்க் போதவில்லை” என்று பள்ளியின் மாணவர் ஆலோசகரான கவுன்சலர் ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பினார். விடைத்தாளையும் காட்டவில்லை, கட்-ஆஃப் எவ்வளவு என்றும் சொல்லவில்லை. அதே அளவு மார்க் வாங்கிய வேறு சில பிள்ளைகள், பெற்றோர் போய்ப் பேசிய பிறகு ஜியாமெட்ரிக்கு மாற்றப்பட்டதாக இவர் கேள்விப்பட்டிருக்கிறார்.

ஊரில் அப்பாவின் பட்டா விஷயமாக ஆர்டிஐ போட்டுப் பழக்கம் உண்டு என்பதால், மே 12 அன்று பள்ளி மாவட்டத்துக்கு (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்; அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) விண்ணப்பம் எழுதினார். கடந்த பத்து ஆண்டுகளில் கணக்கு வகுப்பு ஒதுக்கீடு பற்றிய எல்லா ஆவணங்களும் மின்னஞ்சல்களும். ஜியாமெட்ரிக்குத் தேர்வான பிள்ளைகளின் பெயரும் மார்க்கும். கணக்கு ஆசிரியை மீது இதுவரை வந்த புகார்கள். தன் மகனுக்கு ஏன் மறுத்தார்கள் என்பதற்கு விளக்கம். இவ்வளவையும் ஒரே தாளில் கேட்டார். மே 22 அன்று பதில் வந்தது: கோரிக்கை அளவுக்கு மீறி விரிந்திருக்கிறது, முடிவு சொல்ல மேலும் 14 நாள் வேண்டும், தேடவும் பெயர்களை மறைக்கவும் ஊழியர் நேரத்துக்கு 1,180 டாலர் ஆகும். தோழி ஒருவர் “சிட்டிசனாக இல்லாமல் இதெல்லாம் கேட்கலாமா?” என்று பயமுறுத்த, கணவர் விசாவை நினைத்து வாபஸ் வாங்கச் சொல்கிறார். மேல்முறையீடு எந்த ஆணையத்தில் செய்வது, பணத்தைக் கட்டுவதா, விட்டுவிடுவதா என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

விண்ணப்பத்தின் நகலையும் மாவட்டத்தின் பதிலையும் சேர்த்தே அனுப்பியிருந்தீர்கள். படித்தேன். விண்ணப்பத்தை வாபஸ் வாங்க வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். ஆனால் விண்ணப்பத்தைப் பிரித்து, சுருக்கி, புதிதாக எழுத வேண்டும்.

முதலில் விசா பயம். இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த உரிமையைக் குடிமக்களுக்குத்தான் தருகிறது. கலிஃபோர்னியாவின் பொது ஆவணச் சட்டம் அப்படி எழுதப்படவில்லை. 1968இல் வந்த அந்தச் சட்டம் எந்த ஒரு நபரும் கேட்கலாம் என்கிறது. குடியுரிமை, விசா, வசிக்கும் இடம் எதுவும் அதில் நிபந்தனை இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தை வைத்து மறுக்கவும் சட்டத்தில் இடமில்லை. 2004இல் வாக்காளர்கள் இந்த உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். ஹெச்-4 விசாவில் இருக்கும் ஒருவர் பள்ளி மாவட்டத்திடம் ஆவணம் கேட்பது விசா நிபந்தனை எதையும் மீறுவதாகாது. உங்கள் கணவரிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

இரண்டு வாசல்

உங்கள் விண்ணப்பம் சிக்கியதற்கு முக்கியக் காரணம், இரண்டு வேறு சட்டங்களின் கீழ் கேட்க வேண்டியவற்றை ஒரே தாளில் கலந்துவிட்டதுதான். உங்கள் மகனைப் பற்றிய ஆவணங்கள் பொது ஆவணங்கள் ஆகாது. அவற்றைப் பெற்றோர் என்ற தகுதியில் நீங்கள் கேட்க வேண்டும். மாவட்டத்தின் கொள்கை, புள்ளிவிவரம், ஒப்பந்தம், அலுவல் கடிதங்கள்தான் பொது ஆவணங்கள். அவற்றை யாராக இருந்தாலும் கேட்கலாம்.

முதல் வாசல் வேகமானது, அதை நீங்கள் இன்னும் தட்டவே இல்லை. ஃபெர்பா என்று எல்லோரும் சொல்லும் 1974ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டம், பிள்ளையின் கல்வி ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைப் பெற்றோருக்குத் தருகிறது. அதற்குப் பள்ளிக்கு 45 நாள் வரை அவகாசம் உண்டு. கலிஃபோர்னியாவின் கல்விச் சட்டமோ ஐந்து வேலை நாளுக்குள் காட்ட வேண்டும் என்கிறது. சில அலுவலகங்களில் 45 நாள் கணக்கையே சொல்லிப் பழகிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் மாநிலச் சட்டத்தின் ஐந்து நாள் விதியை மரியாதையாக நினைவூட்டி ஒரு வரி எழுதுங்கள். தேடி எடுப்பதற்குக் கட்டணம் கிடையாது, நகலுக்கு மட்டும் நியாயமான செலவு வாங்கலாம்.

இந்தக் கடிதத்தைப் பள்ளி பிரின்ஸிபாலுக்கு அனுப்பி, மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு நகல் வையுங்கள். மகனின் முழுப் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, உங்கள் கையொப்பம் இருக்கட்டும். இங்கே நீங்கள் யார் என்பதைக் காட்டியே ஆக வேண்டும். கேட்க வேண்டியவை: ப்ளேஸ்மென்ட் டெஸ்டில் அவன் எடுத்த மார்க், பிரிவுவாரி மார்க், அவனுடைய விடைத்தாள், இரண்டு செமஸ்டர் கிரேடு, மாநிலத் தேர்வு முடிவுகள், வகுப்பு ஒதுக்கீட்டுப் படிவம் அல்லது கணினிப் பதிவில் அவன் பெயருக்கு எதிரே யார் என்ன குறித்தார்கள் என்பது, கவுன்சலரின் குறிப்புகள். கேள்வித்தாளைக் கொடுக்கத் தயங்கலாம். தேர்வுக் கேள்விகளுக்குப் பொது ஆவணச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, வெளி நிறுவனத்தின் தேர்வு என்றால் காப்புரிமையையும் சொல்வார்கள். நகல் தர முடியாது என்றால், அலுவலகத்திலேயே உட்கார்ந்து விடைத்தாளைப் பார்க்க நேரம் கேளுங்கள். மார்க் கூட்டியதில் பிழை, மற்றொரு பிள்ளையின் விடைத்தாள் மாறி வந்தது போன்றவை தாளைக் கண்ணால் பார்க்கும்போதுதான் பிடிபடும். ஃபைலில் தவறான தகவல் இருந்தால் திருத்தச் சொல்லி மாவட்டத்தின் தலைமை அதிகாரியான சூப்பரிண்டெண்டெண்டுக்கு எழுதும் உரிமையும் உண்டு.

ஒரு நுட்பமான விஷயம் மின்னஞ்சல். மகனின் பெயர் இருக்கிற மின்னஞ்சல் எல்லாமே அவனுடைய கல்வி ஆவணம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். 2009இல் துலாரே கவுன்டி கல்வி அலுவலகம் தொடர்பான வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிரதி எடுத்து மாணவரின் ஃபைலில் சேர்த்து வைத்த மின்னஞ்சல்தான் கல்வி ஆவணம், ஊழியரின் இன்பாக்ஸில் கிடப்பது அப்படி ஆகாது என்றது. அதனால் மின்னஞ்சலை இரண்டு வாசலிலும் கேளுங்கள். ஒன்றில் விடுபட்டது மற்றொன்றில் வரும்.

உங்கள் பகுதியில் நடுநிலைப் பள்ளி ஒரு மாவட்டத்திலும் உயர்நிலைப் பள்ளி வேறு மாவட்டத்திலும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பே ஏரியாவில் இது சகஜம். கிரேடும் ஆசிரியர் பரிந்துரையும் பழைய மாவட்டத்திடம் இருக்கும், ஒதுக்கீட்டு முடிவு புதிய மாவட்டத்திடம் இருக்கும். அப்படியானால் இரண்டுக்கும் தனித்தனிக் கடிதம். ஒருவரிடம் இருக்கும் தாளை இன்னொருவரிடம் கேட்டுவிட்டு, “எங்களிடம் அப்படி ஆவணம் இல்லை” என்ற பதிலோடு ஒரு மாதத்தை இழந்தவர்கள் அதிகம்.

கேட்க வேண்டியது தாள், விளக்கம் அல்ல

இரண்டாம் வாசலுக்கு வருகிறேன். “ஏன் மறுத்தீர்கள்?” என்பது கேள்வி. பொது ஆவணச் சட்டம் கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாது. இல்லாத ஆவணத்தைப் புதிதாகத் தயாரிக்கவும் சொல்லாது. இருக்கிற தாளைத்தான் கேட்க முடியும். எனவே, உங்கள் கேள்விக்கான விடை எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்து, அந்தத் தாளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் அந்தத் தாள்கள் எவை என்பதைச் சட்டமே காட்டிக் கொடுக்கிறது. 2015இல் கலிஃபோர்னியா ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஒதுக்கீட்டுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒன்பதாம் வகுப்பில் மாணவர்களைச் சேர்க்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நியாயமான, வெளிப்படையான ஒதுக்கீட்டுக் கொள்கை இருக்க வேண்டும். அதை மாவட்டத்தின் நிர்வாகக் குழுவான போர்டு பொதுக் கூட்டத்தில் ஏற்று, இணையதளத்தில் போட வேண்டும். அந்தக் கொள்கை ஒரே ஒரு தேர்வை வைத்து முடிவெடுக்கக் கூடாது. மாநிலத் தேர்வு, ப்ளேஸ்மென்ட் டெஸ்ட், வகுப்பு வேலை, கிரேடு என்று பல அளவுகோல்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளி தொடங்கிய முதல் மாதத்துக்குள் ஒருமுறையாவது ஒதுக்கீடு சரிதானா என்று மறுபரிசீலனை செய்ய வேண்டும். தகுதியிருந்தும் பிள்ளைகள் இனம், பாலினம், பொருளாதார நிலை சார்ந்து பின்தள்ளப்படுகிறார்களா என்று ஆண்டுதோறும் தொகுப்புப் புள்ளிவிவரத்தை ஆராய்ந்து, முடிவை போர்டிடம் வைக்க வேண்டும். ஒதுக்கீட்டை ஏற்காத பெற்றோருக்குத் தெளிவான, தாமதமில்லாத முறையீட்டு வழி இருக்க வேண்டும்.

கவுன்சலர் உங்களுக்கு எழுதிய அந்த ஒரே வரியை இப்போது மறுபடி படியுங்கள். டெஸ்ட் மார்க் போதவில்லை என்பது மட்டுமே காரணம் என்றால், ‘ஏ’ கிரேடும் நான்காம் நிலையும் எங்கே போயின? உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான தாள் அந்த மின்னஞ்சல்தான். பத்திரமாக வையுங்கள்.

புதிய கோரிக்கையை இப்படி எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் தனி எண் போட்டு, ஆங்கிலத்தில், மாவட்டத்தின் ஆவணப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சலில்:

1. தற்போது நடைமுறையில் உள்ள ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஒதுக்கீட்டுக் கொள்கை, அதை போர்டு ஏற்ற கூட்டத்தின் குறிப்பு.
2. இந்த ஆண்டு ஒதுக்கீட்டுக்குக் கவுன்சலர்களுக்கும் கணக்குத் துறைக்கும் அனுப்பிய வழிகாட்டுதல், கட்-ஆஃப் மார்க், மதிப்பீட்டு அட்டவணை.
3. கடந்த மூன்று ஆண்டுகளில் போர்டிடம் வைத்த ஒதுக்கீட்டுப் புள்ளிவிவர ஆய்வு.
4. பெற்றோர் முறையீடுகளைப் பதிவு செய்யும் பட்டியல் அல்லது ஸ்ப்ரெட்ஷீட், மாணவர் அடையாளத்தை நீக்கி: எத்தனை வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன.
5. ப்ளேஸ்மென்ட் டெஸ்ட் வெளி நிறுவனத்துடையது என்றால் அதன் ஒப்பந்தம்.
6. மார்ச் 1 முதல் மே 31 வரை, பிரின்ஸிபால், எட்டாம் வகுப்புக் கவுன்சலர், கணக்குத் துறைத் தலைவர் ஆகிய மூவரின் மின்னஞ்சல்களில் ஒதுக்கீடு, கட்-ஆஃப், ஜியாமெட்ரி என்ற சொற்கள் வருபவை.

ஆறாவது வரியைக் கவனியுங்கள். யாருடைய மின்னஞ்சல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தச் சொற்கள் என்ற மூன்றும் இருந்தால் கணினித் துறை ஊழியர் ஒருவர் நேராகத் தேடலில் போட்டு எடுத்துவிடலாம். “பத்து ஆண்டுகளின் எல்லா மின்னஞ்சல்களும்” என்றால் யார் என்ன தேடுவது? மாவட்டம் மலைத்ததில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். அதேசமயம், கோரிக்கை விரிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மாவட்டம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. எந்த ஆவணம் எங்கே எந்த வடிவில் இருக்கிறது என்று சொல்லி, கோரிக்கையைச் சுருக்க உதவுவது அவர்களுடைய சட்டக் கடமை. உங்களுக்கு வந்த பதிலில் அப்படி ஒரு வரியும் இல்லை. புதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டு, கடைசியில் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, பேசித் தெளிவுபடுத்தத் தயார் என்று எழுதுங்கள். பத்து நிமிடப் பேச்சில் தீரும் விஷயம் பல கடிதங்களில் தீராது.

அலுவல் விஷயத்தைச் சொந்த ஜிமெயிலிலோ சொந்த ஃபோனில் குறுஞ்செய்தியாகவோ எழுதியிருந்தாலும் அது பொது ஆவணமே என்று 2017இல் சான் ஹோசே நகர வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆறாவது வரியில் “தனிப்பட்ட கணக்குகளில் நடந்த அலுவல் தொடர்பும் உட்பட” என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நான்காவது வரியில், ஸ்ப்ரெட்ஷீட்டாக இருப்பதை ஸ்ப்ரெட்ஷீட்டாகவே தரக் கேளுங்கள். மின்னணு வடிவில் வைத்திருப்பதை அவர்கள் வைத்திருக்கும் வடிவிலேயே கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பிடிஎஃப்பாக மாற்றித் தந்துவிட்டால் உங்களால் கூட்டிக் கழித்துப் பார்க்க முடியாது.

இந்தக் கடிதத்தில் மகனின் பெயர் எங்கும் வர வேண்டாம். நீங்கள் அனுப்பும் கோரிக்கையே ஒரு பொது ஆவணம்; நாளை வேறொருவர் அதைக் கேட்கலாம். பெயரை மறைத்துத்தான் கொடுப்பார்கள் என்றாலும், அலுவலகத்துக்குள் பத்துப் பேர் கையில் அது போகும். மகனின் பெயர் முதல் வாசல் கடிதத்தோடு நிற்கட்டும்.

மற்ற பிள்ளைகளின் பெயரும், ஆசிரியை மீதான புகாரும்

இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். மற்ற பிள்ளைகளின் பெயரும் மார்க்கும் ஃபெர்பாவின் கீழ் அவர்களுடைய பெற்றோருக்கே உரியவை. உங்கள் மகனின் மார்க்கை வேறொருவர் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? பெயரை நீக்கிக் கேட்டாலும் குழு சிறியதாக இருந்தால் தர மாட்டார்கள். மாநிலக் கல்வித் துறையே தன் புள்ளிவிவரத் தளத்தில் 10 அல்லது அதற்குக் குறைவான பேர் உள்ள கட்டங்களை நட்சத்திரக் குறி போட்டு மறைக்கிறது. நீங்கள் நிரூபிக்க நினைப்பது, விதி எல்லோருக்கும் ஒன்றுபோல் நடக்கவில்லை என்பதை. அதற்குப் பெயர் தேவையில்லை. கட்-ஆஃபுக்குக் கீழே இருந்தும் ஜியாமெட்ரிக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை போதும்; நான்காவது வரியில் அது வெளிவர வாய்ப்பு இருக்கிறது.

ஆசிரியை மீதான புகார்களைப் பொறுத்தவரை, அவை ஊழியர் ஃபைலைச் சேர்ந்தவை. புகார் கனமானதாகவும், அதில் உண்மை இருப்பதாக நம்பக் காரணம் உள்ளதாகவும் இருந்தால்தான் வெளியிட வேண்டும் என்பது 2004ஆம் ஆண்டு பேக்கர்ஸ்ஃபீல்ட் வழக்கின் அளவுகோல். வெளியிடுவதைத் தடுக்கச் சொல்லி ஆசிரியர் தாமே நீதிமன்றம் போகவும் 2012இல் இன்னொரு தீர்ப்பு வழிவிட்டிருக்கிறது. உங்களுக்கு அந்த ஆசிரியையோடு பிணக்கு எதுவும் இல்லை; கோபத்தில் சேர்த்த வரி அது. அந்த வரி இருக்கும்வரை மாவட்டம் வழக்கறிஞரைக் கலந்தே உங்களுக்கு ஒவ்வொரு பதிலும் எழுதும். எடுத்துவிட்டால் மற்றவை வேகமாக நகரும்.

1,180 டாலர்

கட்ட வேண்டாம். நகலெடுக்க ஆகும் நேரடிச் செலவை மட்டுமே கேட்கலாம் என்கிறது சட்டம். தேடுவது, படித்துப் பார்ப்பது, மறைக்க வேண்டியதை மறைப்பது ஆகியவற்றுக்கு ஆகும் ஊழியர் நேரத்தை நேரடிச் செலவில் சேர்க்க முடியாது என்று 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சிறப்புக் கல்விப் பிள்ளைகளின் பெற்றோர் அமைப்பு ஒன்று மாநிலக் கல்வித் துறைக்கு எதிராகப் போட்ட வழக்கு அது. மின்னணு ஆவணங்களில் மறைக்க வேண்டியதை மறைக்கும் செலவையும் கேட்பவர் தலையில் கட்ட முடியாது என்று 2020இல் ஹேவர்டு நகர வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்தது. விதிவிலக்கு ஒன்று உண்டு. தரவுத்தளத்திலிருந்து தகவலைத் தொகுக்கவோ பிரித்தெடுக்கவோ தனியாகக் கணினி நிரல் எழுத வேண்டி வந்தால் அந்தச் செலவைக் கேட்கலாம். அதனால்தான் நான்காவது வரியில் புதிய அட்டவணை கேட்காமல், ஏற்கெனவே இருக்கும் பட்டியலைக் கேட்கச் சொன்னேன்.

1,180 டாலரில் எவ்வளவு நகலுக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்று பிரித்துக் கேட்டு எழுதுங்கள். அலுவலகத்தில் நேரில் பார்ப்பதற்குக் கட்டணமே இல்லை. போய்ப் பார்த்து, வேண்டிய பக்கத்தை உங்கள் ஃபோனிலேயே படம் எடுத்துக்கொள்ளலாம்.

நாள் கணக்கு

பத்து நாளில் ஆவணம் கைக்கு வரும் என்று நினைத்திருந்தீர்கள். அந்தப் பத்து நாள், ஆவணம் இருக்கிறதா, தருவோமா என்று முடிவு சொல்லத்தான். வேலை நாள் கணக்கு இல்லை, காலண்டர் நாள். மிக அதிகமான ஆவணங்களைப் புரட்ட வேண்டியது, வேறு இடத்திலிருந்து எடுக்க வேண்டியது போல, சட்டம் பெயர் சொல்லியிருக்கும் காரணங்களுக்கு மட்டும் 14 நாள் நீட்டிக்கலாம். உங்களுக்கு ஜூன் 5 வரை கணக்கு. தருகிறோம் என்றால், எப்போது தருவோம் என்ற உத்தேசத் தேதியையும் சொல்லியாக வேண்டும். “தயாரானதும் அனுப்புகிறோம்” என்ற பதிலை ஏற்காதீர்கள். தேதி கேளுங்கள், தயாரானதைத் தவணையாக அனுப்பச் சொல்லுங்கள். மேலே சொன்ன முதல் மூன்று வரிகளும் மேசை இழுப்பறையில் இருக்க வேண்டிய தாள்கள். அவற்றுக்காக ஆறாவது வரி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மறுத்தால்

உங்கள் எழுத்துக் கோரிக்கையை மறுத்தால் மறுப்பும் எழுத்தில் வர வேண்டும். எந்த விலக்கின் கீழ் மறுக்கிறார்கள் என்பதும், அந்த முடிவுக்குப் பொறுப்பானவர்களின் பெயரும் பதவியும் அதில் இருக்க வேண்டும். ஒரு தாளில் ஒரு பகுதிக்குத்தான் விலக்கு என்றால் அதை மட்டும் மறைத்து மீதியைத் தர வேண்டும். ஆனால் நிறுத்தி வைத்த ஒவ்வொரு தாளுக்கும் பட்டியல் கொடு என்று இந்தக் கட்டத்தில் கட்டாயப்படுத்த முடியாது. அதைக் கேட்டுச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆர்டிஐயில் இருப்பது போல முதல் மேல்முறையீடு, பிறகு தகவல் ஆணையம் என்ற ஏற்பாடு கலிஃபோர்னியாவில் இல்லை. மறுப்புக்கு எதிராகப் போக வேண்டிய இடம் கவுன்டியின் முதல்நிலை நீதிமன்றமான சுப்பீரியர் கோர்ட். அங்கே நீங்கள் வென்றால் உங்கள் வழக்கறிஞர் செலவை மாவட்டம் தர வேண்டும். தோற்றால், வழக்கு அப்பட்டமாக அர்த்தமற்றது என்று நீதிமன்றம் கருதினால் ஒழிய, அவர்கள் செலவு உங்கள் மேல் விழாது. சட்டம் இப்படிச் சாய்வாக எழுதப்பட்டிருப்பதால், கோர்ட் வரை போகாமலே பல மாவட்டங்கள் இறங்கி வருகின்றன. இருந்தாலும் ஒரு கணக்கு வகுப்புக்காக வழக்குப் போடுவது கடைசி வழி. வழக்கு முடிவதற்குள் மகனுக்குப் பாதி ஆண்டு போய்விடும்.

அதற்கு முன் இன்னொரு படி இருக்கிறது. போர்டின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டா ஒட்ட வேண்டும், பொதுமக்கள் பேச நேரம் தர வேண்டும் என்பது 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டம். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தையும், போர்டின் அதிகாரத்துக்கு உட்பட்டதாக இருந்தால், பேசலாம். கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். மகனைப் பற்றிப் பேச வேண்டாம். “ஆண்டுதோறும் போர்டிடம் வைக்க வேண்டிய ஒதுக்கீட்டு ஆய்வைக் கேட்டு இத்தனை நாளாகிறது, இன்னும் வரவில்லை” என்று மட்டும் சொல்லி உட்காருங்கள். அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை என்றால் அது அன்றைக்கே தெரிந்துவிடும். “அப்படி ஆவணம் இல்லை” என்ற பதிலும் உங்களுக்கு நல்ல ஆதாரம்தான்.

மகனின் வகுப்பு

ஆவணத்துக்காகக் காத்திருந்து முறையீட்டுத் தேதியைத் தவறவிட வேண்டாம். ஒதுக்கீட்டுக் கொள்கையை மாவட்டத்தின் இணையதளத்தில் இன்றே தேடுங்கள், இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதில் பெற்றோர் முறையீட்டுக்கு என்ன படிவம், கடைசி நாள் எது என்று பார்த்து, கையில் இருக்கும் கிரேடு, மாநிலத் தேர்வு முடிவு, கவுன்சலரின் அந்த ஒரு வரி மின்னஞ்சல் ஆகியவற்றை வைத்தே முறையீட்டைக் கொடுத்துவிடுங்கள். ஆவணங்கள் வர வரப் பின்னால் சேர்க்கலாம். முடிவு சாதகமாக இல்லாவிட்டாலும், ஆகஸ்டில் பள்ளி திறந்த முதல் மாதத்தில் நடக்க வேண்டிய மறுபரிசீலனையில் மகனையும் சேர்க்கும்படி இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

விடைத்தாளைப் பார்த்தபின் மகன் உண்மையிலேயே சில பாடங்களில் தடுமாறியிருக்கிறான் என்று தெரிந்தால், அதையும் திறந்த மனதோடு ஏற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பகுதி என்று தெரிந்துவிட்டால் கோடை விடுமுறையில் அதைச் சரிசெய்ய முடியும். அவனிடமும் கேளுங்கள். ஜியாமெட்ரி வேண்டும் என்பது அவனுடைய ஆசையா என்பது உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்று கடிதங்கள். பிரின்ஸிபாலுக்கு மகனின் ஆவணம் கேட்டு ஒன்று, முறையீட்டுப் படிவம் ஒன்று, ஆவணப் பொறுப்பாளருக்குச் சுருக்கிய கோரிக்கை ஒன்று. மூன்றாவதில், மே 12 கோரிக்கைக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதாமல், “மே 12 கோரிக்கையை இப்படிச் சுருக்குகிறேன்” என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் ஓடிக்கொண்டிருக்கும் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கிவிட்டது என்று அவர்கள் வாதிட இடம் குறையும். பல மாவட்டங்களில் மின்னஞ்சல் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தானாக அழிந்துவிடும்படி அமைத்திருப்பார்கள். எனவே இந்தக் கோரிக்கை முடியும்வரை மார்ச் 1 முதலான மின்னஞ்சல்களை அழிக்காமல் வைக்கும்படி கடைசி வரியில் கேட்டு, அனுப்பிய தேதியும் நேரமும் தெரியும்படி ஒரு நகலை எடுத்து வையுங்கள்.